பகடி

மும்பை கிங்ஸ் சர்க்கிளின் பழைய கட்டடங்களில் ‘பகடி வீடு’ என்றால் கேலி இல்லை. மராத்தியிலும் இந்தியிலும் பகடி தலைப்பாகை. மும்பையில், வாடகை உரிமைக்காகக் கைமாறும் பெருந்தொகைக்கும் அதுவே பெயர். 1947ஆம் ஆண்டு பம்பாய் வாடகைச் சட்டம் அதைக் குற்றமாக்கியது. பழக்கம் நிற்கவில்லை, அந்தப் பணத்துக்கான ரசீதுதான் நின்றது! மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999, 56ஆம் பிரிவில் பகடியை அனுமதித்தது.

இதில் பணம் கொடுத்தவர் உரிமையாளர் ஆவதில்லை, வாடகைதாரர்தான். பிறருக்கு மாற்றிக்கொடுக்க வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும், அவருக்கு ஒரு பங்கும் போகும். அதனால் பகடி வீடு எடுக்கும்போது, சொந்த ஃப்ளாட் பத்திரம் மட்டுமே பார்த்த வக்கீல் போதமாட்டார் என்பேன். வாடகை ரசீது யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் கேட்பவரைப் பிடியுங்கள்.