கடன் கணக்கைத் திறப்பதும் மூடுவதும்

வங்கியில் கடன் கேட்டுச் சென்றவர் "உங்களுடைய கிறிப் சரியில்லை" என்ற ஒற்றை வரிப் பதிலுடன் திரும்பி வருவது குடாநாட்டில் இப்போது வழமையான சங்கதியாகிவிட்டது. உரும்பிராய் போன்ற விவசாயக் கிராமங்களில் இதனைப் "பெயர் கறுப்புப் பட்டியலில் விழுந்துவிட்டது" என்றே பேசிக்கொள்வர். அவ்வாறான பட்டியல் எதனையும் அப்பணியகம் வைத்திருப்பதில்லை. ஆனால் அங்கே என்ன இருக்கிறது என்பதை அறியாமல் கடன் கணக்குகளைத் திறப்பவர்களும், மூடாமலே மூடியதாக நினைப்பவர்களும் நம்மிடையே பலர் உள்ளனர். ஆகவே இவ்விடயத்தைச் சற்று விரிவாக நோக்குவது பயனுடையதென நாம் கருதுகின்றோம்.

கிறிப் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம் 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது. மத்திய வங்கியும் கடன் வழங்கும் நிறுவனங்களும் இதன் பங்குதாரர்கள். வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் தாம் வழங்கிய கடன்களின் நிலைவரத்தை இதற்கு அறிவிக்கின்றன. புதிதாகக் கடன் கேட்டு ஒருவர் வரும்போது அவரது அறிக்கையை இங்கிருந்தே பெறுகின்றன. கடனைக் கொடுப்பதா மறுப்பதா என்ற முடிவை எடுப்பது கடன் வழங்கும் நிறுவனமேயாகும். முன்னர் கொடுக்கல் வாங்கல் விபரம் மட்டுமே அறிக்கையில் இருந்தது. அண்மைய ஆண்டுகளில் 250 முதல் 900 வரையிலான புள்ளியும் அதனுடன் சேர்ந்துகொண்டது. புள்ளி உயர உயர நம்பிக்கையும் உயரும்.

சேமிப்புக் கணக்கோ நிலையான வைப்போ எத்தனை திறந்தாலும், எத்தனை மூடினாலும், கடன் அறிக்கைக்கு அதனால் பாதிப்பில்லை. பணியகம் பார்ப்பது கடனை மட்டுமே. வங்கிக் கடன், லீசிங், கடனட்டை, மேலதிகப் பற்று, இவற்றோடு பணமின்மையால் திரும்பிய காசோலைகள் ஆகியன அறிக்கையில் இடம்பெறும். மற்றவருக்காகப் பிணை நின்ற கடனும் அங்கே இருக்கும். ஆசிரியரும் அரச ஊழியரும் உறவுக்காக ஒப்பமிட்டுக் கொடுத்துவிட்டு, பல ஆண்டுகளின் பின் தமது சொந்த வீட்டுக் கடனுக்குச் செல்லும்போதே அந்த ஒப்பத்தின் கனத்தை உணர்கின்றனர்.

இனிக் கணக்குத் திறக்கும் பக்கத்தைப் பார்ப்போம். உரும்பிராய்ச் செம்மண்ணில் வெங்காயமும் மரவள்ளியும் செய்யும் ஒருவர் இரு சக்கர உழவு இயந்திரம் வாங்க விரும்புகிறார் என வைத்துக்கொள்வோம். எங்கே தவணை குறைவு என அறிய ஒரே வாரத்தில் ஐந்து நிறுவனங்களில் விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக் கொடுக்கிறார். அந்தப் படிவங்களின் பேரில் ஐந்து நிறுவனங்களும் அவரது அறிக்கையை எடுக்கின்றன. எந்த நிறுவனம் எப்போது விசாரித்தது என்பதும் அறிக்கையிற் பதிவாகும். ஆறாவதாக அதனைப் பார்க்கும் முகாமையாளர், இவர் எங்கும் கடன் கிடைக்காமல் அலைகிறார் என்றே எண்ணக்கூடும். வட்டி வீதத்தைக் கேட்டறிவதற்குப் படிவமும் வேண்டாம், ஒப்பமும் வேண்டாம். எல்லோரையும் விசாரித்துவிட்டு ஓரிடத்தில் மட்டும் விண்ணப்பிப்பதே அவருக்கு நல்லது. தமது அறிக்கையைத் தாமே பெற்றுப் பார்ப்பதால் எவருக்கும் குறைவு வராது.

புதுக் கணக்கால் வரும் இன்னொரு விளைவு, கடன் வரலாற்றின் சராசரி வயது குறைவதாகும். இங்கு எமது மண்ணுக்கேயுரிய ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். பணியகத்துக்கான சட்டம் வந்த அதே 1990ஆம் ஆண்டின் ஒக்ரோபரிலேயே யாழ்ப்பாண முஸ்லிம்கள் ஓரிரு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். சோனக தெருவில் தலைமுறையாக வாணிபம் செய்தோர் கடையையும் கணக்கேட்டையும் ஒருங்கே இழந்தனர். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதுமே இடம்பெயர்ந்தது. நாணயம் தவறாது கொடுக்கல் வாங்கல் செய்த பல குடும்பங்களுக்கு எழுத்தில் வரலாறு இல்லாமற் போனது இவ்வாறுதான். சீட்டுப் பிடித்ததும், அயலில் கைமாற்று வாங்கித் திருப்பிக் கொடுத்ததும் எந்தக் கணினியிலும் ஏறவில்லை. போர் முடிந்த 2009இன் பின்னர் நிதிக் கம்பனிகள் வடக்கில் கிளைகளைப் பரப்பியபோது, பலருக்கு முச்சக்கரவண்டி லீசிங்கே முதலாவது கடன் பதிவாயிற்று. வரலாறு குறுகியவருக்கு ஒரு புதுக் கடனோ ஒரு தவறிய தவணையோ ஏற்படுத்தும் அசைவு பெரிது.

கணக்கை மூடுவது பற்றி இங்கே வழங்கும் ஆலோசனைகளில் பாதி ரொறன்ரோவிலிருந்து தொலைபேசியில் வருபவை. "பழைய அட்டையை மூடிவிடாதே, புள்ளி இறங்கும்" என்பது அவற்றுள் ஒன்று. வட அமெரிக்காவில் அதற்குக் காரணமுண்டு. அமெரிக்காவில் பெருவழக்கிலுள்ள ஃபைகோ புள்ளியில் ஒழுங்காகச் செலுத்தியமைக்கு 35 வீதமும், பாக்கிக் கடனின் அளவுக்கு 30 வீதமும், வரலாற்றின் நீளத்துக்கு 15 வீதமும், புதுக் கடனுக்கு 10 வீதமும் நிறை கொடுக்கப்படுகிறது. தலா ஒரு இலட்சம் எல்லையுடைய இரண்டு அட்டைகளில் ஒன்றில் மட்டும் 80,000 பாக்கி இருந்தால், மொத்த எல்லையில் 40 வீதமே பயன்பட்டிருக்கும். பாக்கியில்லாத அட்டையை மூடியதும் அது 80 வீதமாகிவிடும். கடன் ஒரு சதமும் கூடவில்லை. ஆயினும் புள்ளி சரியும். வரலாற்றின் வயது உடனே அழிந்துவிடும் என்று மட்டும் அஞ்ச வேண்டியதில்லை. ஒழுங்காக மூடப்பட்ட கணக்கு அங்கே பத்து ஆண்டுகள் வரை அறிக்கையில் இருந்து கணிப்பிலும் சேர்கிறது.

இந்த ஆலோசனையை அப்படியே உரும்பிராய்க்குக் கொண்டுவருவதில் எமக்கு உடன்பாடில்லை. இங்கே நாம் காணும் கேடு பெரும்பாலும் மூடியதால் வந்ததன்று. அட்டையைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டிவிட்டுக் கணக்கு முடிந்தது என்று இருப்பவர்கள் உள்ளனர். ஆண்டுக் கட்டணம் ஏறுகிறது. அதற்கு வட்டி, பிந்திய கொடுப்பனவுக்குத் தண்டம். இரண்டாயிரம் ரூபா நிலுவை, தாம் கடனாளி என்றே அறியாத ஒருவரைத் தவணை தவறியவராக்கிவிடுகிறது. பயன்படுத்தாத அட்டையை, கட்டணமின்றி வைத்திருக்க முடியாதெனில், எழுத்தில் அறிவித்து மூடிவிடுவதே மேல் என்பது எமது கருத்து. வீட்டுக் கடன் போன்ற பெரிய விண்ணப்பம் அண்மையில் இருக்குமாயின் அது முடியும்வரை பொறுக்கலாம்.

வியாபாரிகளுக்கு நடைமுறைக் கணக்கில் இதே பொறி உண்டு. பிந்திய திகதியிட்ட காசோலைகள் வெளியே இருக்கும்போது, இனி அந்தக் கணக்கு வேண்டாமென்று பணத்தை எடுத்துவிட்டால் அவை ஒவ்வொன்றாகத் திரும்பும். கணக்கை மூடுமுன் காசோலைகளைச் சேகரிப்பதே முதல் வேலை.

கடனை ஒரு வங்கியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவோரும் கவனிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. 2023 யூன் முதல் அவை இறங்கத் தொடங்கியபோது, குறைந்த வட்டியை நாடிப் பலர் கடனை இடம் மாற்றினர். புதுக் கடன் உடனே பதிவாகி, பழையது தீர்க்கப்பட்டதாக அறிவிக்கப்படுவது பிந்தினால், அந்த இடைவெளியில் ஒருவர் இரட்டைக் கடனாளியாகவே தோன்றுவார். வட்டியில்லா முறையில் முராபஹா, இஜாரா வசதி பெற்றோருக்கும் இது பொருந்தும். ஒப்பந்தத்தின் தன்மை வேறு. தவணை பிந்தினால் அறிக்கையில் விழும் பதிவு ஒன்றே.

எனவே கடைசித் தவணையைக் கட்டிய அன்றே கடன் தீர்ந்தமைக்கான கடிதத்தைக் கேட்டு வாங்க வேண்டும். வாகனமாயின் உரிமைப் பதிவிலிருந்து நிறுவனத்தின் பெயரையும், காணியாயின் ஈட்டையும் நீக்குவிக்க வேண்டும். ஓரிரு மாதங்கள் கழித்துத் தமது அறிக்கையை எடுத்துப் பார்க்கலாம். 2008ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தின் பின்னர் தனிநபருக்கும் இந்த வாய்ப்பு உண்டு. பிழை காணப்பட்டால் அதனைத் திருத்தி அறிவிக்க வேண்டிய பொறுப்பு தகவலை வழங்கிய நிறுவனத்துடையது. முறைப்பாட்டுடன் அந்தக் கடிதத்தின் பிரதியையும் இணைத்து அனுப்பி, மூலப்பிரதியை வீட்டில் காணி உறுதியோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.