பொம்மைக் கற்களால் எழுந்த பேழை



நான் தலைமையாசிரியனாக இருந்த நாளில், வகுப்பில் விளையாட்டுக் கற்களை அடுக்கிக்கொண்டிருந்த சிறுவன் ஒருவனைக் கடிந்து, அவற்றைப் பறித்து மேசையறையில் பூட்டினேன். அது தவறென எனக்கு உணர்த்தியது ஒரு வரலாற்று நிகழ்ச்சி.

1996ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் லாரி பேஜ், செர்ஜி பிரின் என்னும் ஆய்வு மாணவர் இருவர், இணையப் பக்கங்களைத் தேடித் தரப்படுத்தும் முறையொன்றை ஆராய்ந்து வந்தனர். திரட்டிய பக்கங்களைச் சேமிக்க, 4 ஜிகாபைட் கொள்ளும் வன்தட்டுகள் 10 சேர்த்தனர். மொத்தம் 40 ஜிகாபைட். இன்று பலர் சட்டைப்பையிலுள்ள கைபேசியே இதனினும் மிகுதியாகக் கொள்ளும். அத்தட்டுகளைத் தாங்கும் பேழையை அவர்கள் வண்ணப் பொம்மைக் கற்களால் கட்டினர்.

பொம்மைக் கல் அப்பொறுப்பைத் தாங்கியது எங்ஙனம்? இவ்வகைக் கல்லுக்கு டென்மார்க்கின் லெகோ நிறுவனத்தார் 1958இல் காப்புரிமை கோரினர். கல்லின் மேற்புறம் குமிழ்கள், உட்புறம் குழல்கள். ஒரு கல்லின் குமிழ்களை மற்றொன்றின் உட்புறம் இறுகப் பற்றும். பசையும் வேண்டா, ஆணியும் வேண்டா. வேண்டும்போது பிரித்து, மாற்றி அடுக்கலாம். வளரும் ஆய்வுக்கு இதனினும் ஏற்ற உறை ஏது?

அவ்வாய்வினின்று 1998இல் கூகுள் நிறுவனம் பிறந்தது. அப்பேழையோ பல்கலைக்கழகத்திலேயே காட்சிப் பொருளாயிற்று.

அச்சிறுவனுக்கு அவன் கற்களை ஆண்டிறுதியில் திருப்பித் தந்தேன். அவன் எதைக் கட்டிக்கொண்டிருந்தான் என்று மட்டும் கேட்கவில்லை. முதலில் கேட்டிருக்க வேண்டியது அதுவன்றோ?