சுருட்டுச் சாலையில் ஒலித்த நூல்கள்

கியூபா நாட்டுச் சுருட்டின் சுவையறியப் புதிதாகத் தொடங்கும் ஒருவர், கடையில் முதலிற் காண்பது பெட்டிகளின் மேலுள்ள பெயர்களையே. ஒரு பெட்டியில் ரோமியோவும் ஜூலியட்டும் இருப்பர். மற்றொன்றில் 'மாண்டி கிறிஸ்டோ' என்றிருக்கும். முன்னது சேக்சுபியரின் நாடகம். 1875-இல் சுருட்டின் பெயராயிற்று. பின்னது பிரெஞ்சு ஆசிரியர் அலெக்சாண்டர் டூமாவின் நாவல். 1935-இல் ஹவானாவில் ஒரு சுருட்டுக்குச் சூட்டப்பெற்றது. அந்நாவலைச் சுருட்டுத் தொழிலாளர் விரும்பிக் கேட்டு வந்ததே பெயருக்குக் காரணம் என்பர். 'விரும்பிப் படித்தது' என்னாமல் 'விரும்பிக் கேட்டது' என்பதில்தான் வரலாறு இருக்கிறது.

சுருட்டுச் சுற்றுதல் ஓசையற்ற தொழில். உள்ளீடாகச் சில இலைகளை அடுக்கி, அவற்றை ஓர் இலையாற் பிணைத்து, பிறை போன்ற தகட்டுக் கத்தியால் அறுத்த மெல்லிய மேலிலையைச் சுற்றி முடிக்க வேண்டும். பெருங்கூடத்தில் வரிசை வரிசையாக மேசைகள். மேசைக்கு ஒருவராக நாள் முழுவதும் அமர்ந்திருப்பர். கைக்கும் கண்ணுக்கும் ஓயாத வேலை; செவிக்கோ வேலையே இல்லை. சுற்றிய சுருட்டின் எண்ணிக்கைக்கு ஏற்பவே கூலி. ஆகவே, செவி வேறொன்றில் ஈடுபட்டாலும் முதலாளிக்கு இழப்பில்லை.

இதனை நன்கு உணர்ந்தவர் சட்டுர்னினோ மார்ட்டினெஸ் என்பவர். தாமே சுருட்டுத் தொழிலாளியான இவர், 1865 அக்டோபரில், 'விடியல்' எனப் பொருள்படும் 'லா அவுரோரா' என்ற ஏட்டைத் தொழிலாளர்க்கென ஹவானாவில் தொடங்கினார். ஏடு நல்ல ஏடுதான். ஆனால் அதனை வாங்க வேண்டியவர்களிற் பெரும்பாலோர்க்கு எழுத்துத் தெரியாது! தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் வேலை செய்துகொண்டே கேட்பது என்ற ஏற்பாடு அவ்வாண்டு டிசம்பரில் 'எல் பிகரோ' என்னும் சுருட்டுச் சாலையில் தொடங்கிற்று. அடுத்த மாதமே புகழ்பெற்ற பர்த்தகாஸ் சாலையும் அதனை மேற்கொண்டது. படிப்பவருக்குரிய ஊதியத்தை முதலாளி தரவில்லை. தொழிலாளர் தம் கூலியிலிருந்து சிறிது சிறிதாகச் சேர்த்துக் கொடுத்தனர்.

ஆறு மாதங்கூட இது தடையின்றி நடக்கவில்லை. 1866 மே மாதத்தில், கியூபாவை ஆண்ட ஸ்பானிய அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. நூல்களையும் ஏடுகளையும் படித்தோ, தொழிலுக்குப் புறம்பானவற்றை விவாதித்தோ தொழிலாளரின் கவனத்தைக் கலைத்தலாகாது என்பது அதன் சாரம். கவனம் கலைகிறது என்பது சாக்கேயன்றிக் காரணமன்று. எழுத்தறியாதவனை நூலிலிருந்து விலக்கத் தனி ஆணை எதற்கு? அவன் செவிக்கு நூல் எட்டிவிட்டது. அதனாலேயே ஆணை வேண்டியதாயிற்று.

1868-இல் கியூபாவில் விடுதலைப் போர் மூண்டது. சுருட்டுத் தொழிலாளர் பலர் கடல்கடந்து அமெரிக்காவின் புளோரிடாவில் குடியேறினர். முதலாளிகளும் சென்றனர். அவர்களுள் விசெந்தே மார்ட்டினெஸ் ஈபோர் என்பவர் தாம்பா நகரையடுத்து 1880-களின் நடுவில் நிறுவிய ஊர் இன்றும் ஈபோர் நகர் என அவர் பெயராலேயே வழங்குகிறது. கியூபாவில் தடையுண்ட படிப்பு இங்கே தழைத்தது.

அது நடந்த முறை நம் ஆசிரியர்கள் அறியத்தக்கது. படிக்கும் வேலையை நாடி வருபவர் தொழிலாளர் முன்னிலையிற் படித்துக் காட்டவேண்டும். அவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பர். காலையில் செய்தித்தாள், பிற்பகலில் நாவல். எந்த நாவல் என்பதற்கும் வாக்கெடுப்பு உண்டு. உயர்ந்த மேடையில் அமர்ந்து, ஒலிபெருக்கியில்லாத அக்காலத்தில் கூடம் முழுவதும் கேட்குமாறு, பாத்திரத்துக்கேற்பக் குரல் மாற்றிப் படிக்க வேண்டும். செர்வாந்திசும், சோலாவும், விக்தர் யூகோவும் இவ்வாறு ஒலித்தனர். சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' எனத் தமிழில் தந்த யூகோவின் நாவலை அங்கே கேட்டவர்களும் ஏழைகளே. படிப்பு நன்றாயிருந்தால் கத்தியால் மேசையைத் தட்டுவர், அதுவே கைதட்டல். போர்ட்டோ ரிக்கோவில் பிறந்த லூயிசா கபெத்தியோ (1879–1922) என்ற பெண்மணியும் இவ்வாறு படித்தவரே.

எழுத்தறியாத சுருட்டுத் தொழிலாளி நாவலின் கதைப்போக்கையும் நாட்டின் அரசியலையும் ஒருங்கே விவாதிக்கும் நிலை இதனால் உண்டாயிற்று. கியூப விடுதலைத் தலைவர் ஹோசே மார்த்தி 1891 நவம்பரில் தாம்பாவுக்கு வந்தபோது, அவருக்குக் காத்திருந்த கூட்டம் இத்தகையது. போருக்கெனத் தம் கூலியில் ஒரு பகுதியை அவர்கள் தொடர்ந்து வழங்கி வந்தனர்.

இவ்வழக்கம் கியூபர்க்கு மட்டும் உரியதன்று. நியூயார்க்கில் சுருட்டுச் சுற்றி, பின்னர் அமெரிக்கத் தொழிலாளர் சம்மேளனத்தின் தலைவரான சாமுவேல் காம்பர்ஸ் தம் தன்வரலாற்றில் இதனைக் குறிக்கிறார்: படிப்பவரின் கூலி குறையாதிருக்க, மற்றவர் தாம் சுற்றிய சுருட்டுகளிற் சிலவற்றை அவருக்குக் கொடுப்பராம். ஆங்கிலேயர் 'செரூட்' என்பது நம் 'சுருட்டு' என்ற சொல்லே. அச்சொல்லுக்குரியவர் நடுவிலும் இவ்வழக்கம் இருந்தது. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் செய்தித்தாளையோ கதையையோ படிக்க, மற்றவர் சுற்றிக்கொண்டே கேட்டு வந்தனர். கோயிலிற் புராணபடனம் கேட்டுப் பழகியவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றியிராது. 'கேள்வி' என ஓர் அதிகாரத்தையே வகுத்த வள்ளுவரின் மொழியினர் அல்லரோ! கேரளத்தில் கண்ணூர்ப் பீடித் தொழிலாளரும் இவ்வாறே செய்தனர்.

தாம்பாவில் இதன் முடிவு வருந்தத்தக்கது. 1931 நவம்பரில் முதலாளிகள் ஒன்றுகூடி, படிப்பவர்களை நீக்குவதாக அறிவித்தனர். பொதுவுடைமைக் கருத்துகளைப் பரப்புகின்றனர் என்பது குற்றச்சாட்டு. மேடைகள் பெயர்க்கப்பட்டன. தொழிலாளர் வேலையை நிறுத்தினர்; முதலாளிகள் கதவை அடைத்தனர். டிசம்பரில் ஆலைகள் திறந்தபோது, கூடத்தில் படிப்பவருக்கு இடமில்லை. அவ்விடத்திற்குப் பின்னர் வானொலி வந்தது. வானொலிக்குத் தொழிலாளர் கூலி தர வேண்டியதில்லை. ஆனால் அது என்ன பேச வேண்டும் என்று அவர்கள் வாக்களிக்கவும் இயலாது. முதலாளிகள் அஞ்சியது படிப்பை அன்று, தேர்வை என்று கொள்வதே பொருந்தும்.

வேலையிழந்தோர் பாடு எளிதன்று. எனினும், தாம்பாவில் படிப்பவராயிருந்த விக்டோரியானோ மன்டேகா, 1922-லேயே 'லா கசேட்டா' என்னும் ஏட்டைத் தொடங்கியிருந்தார். அது பின்னர் ஸ்பானியம், ஆங்கிலம், இத்தாலியம் என மும்மொழி ஏடாயிற்று.

கியூபாவிலோ தடைகளுக்குப் பின் படிப்பு மீண்டது. புரட்சிக்குப் பின்னரும் நிலைத்தது. 2012-இல் அந்நாட்டரசு இதனைத் தேசியப் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. ஒலிபெருக்கி வந்துவிட்டது, வானொலியும் உடனிருக்கிறது. நாவலின் ஓர் இயல் முடிந்ததும் மேசைகளில் கத்திகள் தட்டும் ஓசை மட்டும் பழையபடியே கேட்கிறது.