இருநூறு ரூபாய்க்காரரின் வரி

இந்தியாவுக்கு வருமான வரியைக் கொண்டுவந்தவர் ஒரு தொப்பி வியாபாரி. ஸ்காட்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் வில்சன் தொப்பித் தொழிலில் தொடங்கி, 1843-இல் 'தி எகானமிஸ்ட்' பத்திரிகையை ஆரம்பித்து, 1859 இறுதியில் கல்கத்தா வந்து இறங்கினார். 1857 எழுச்சியை அடக்கிய செலவில் அரசுக் கஜானா காலி. 1860 பிப்ரவரி 18 அன்று அவர் வாசித்த பட்ஜெட்டில் மருந்து இருந்தது. வருஷத்துக்கு 200 ரூபாய் சம்பாதிப்பவர்கூட வரி கட்டணும். 500-க்குக் கீழே 2 சதவீதம், அதற்கு மேல் 4.

மாசக் கணக்கில் 200 என்பது பதினாறு ரூபாய் சொச்சம். அந்தச் சம்பளக்காரரிடம் போய், இங்கிலாந்துச் சட்டத்தைப் பார்த்து எழுதிய, நான்கு அட்டவணைகள் கொண்ட சட்டத்தை நீட்டினால் அவர் என்ன செய்வார்? வில்சன் தன் பேச்சில் மனுவை எல்லாம் துணைக்கு அழைத்தார். வரி வாங்குவது இந்த மண்ணுக்குப் புதுசில்லையாம். படிவத்தை நிரப்புவது எப்படி என்று மனு சொல்லவில்லை.

எதிர்ப்பு நம்ம ஊரிலிருந்தே கிளம்பியது. அப்போது சென்னை மாகாண ஆளுநர் சர் சார்லஸ் டிரெவெல்யன். சென்ட்ரல் பக்கம் இருந்த பீப்பிள்ஸ் பார்க் அவர் ஏற்பாடுதான். (அயர்லாந்துப் பஞ்சத்தில் அவர் பெயர் கெட்டது தனிக்கதை, அவரை ஏழைகளின் தோழன் ஆக்கிவிட வேண்டாம்.) செலவைக் குறையுங்கள், பழக்கமில்லாத வரியை மக்கள் தலையில் கட்டாதீர்கள் என்று எழுதினார். எழுதியதோடு நிற்காமல் பத்திரிகைகளுக்கும் கொடுத்துவிட்டார். லண்டன் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது.

சட்டம் ஜூலை 24-இல் அமலுக்கு வந்தது. மூன்றே வாரத்தில் வில்சன் கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பில் இறந்துபோனார். 1862-இல் வரம்பு 500 ரூபாயாக உயர்ந்தது. அப்புறம்தான் வேடிக்கை. அதே டிரெவெல்யன் வில்சன் இருந்த நிதிப் பதவிக்கே வந்து சேர்ந்தார். 1865-இல் வரி காலாவதியானது. சில வருஷங்களில் திரும்பி வந்தது, போனது, 1886 சட்டத்தில் நிலையாக உட்கார்ந்துகொண்டது.

இரண்டு பேரும் சாதாரண ஜனங்களின் பெயரைச் சொல்லித்தான் சண்டை போட்டார்கள். ஒருவர் கட்டு என்றார், மற்றவர் வேண்டாம் என்றார். கட்ட வேண்டியவருக்குப் புரிய வைப்பது என்கிற மூன்றாவது வேலை ஒன்று இருப்பதாக இருவருக்குமே படவில்லை என்று நினைக்கிறேன்.

அந்த வேலை ரொம்பத் தாமதமாகத்தான் தொடங்கியது. 1990களின் இறுதியில் 'சரள்' என்று ஒரு எளிய படிவம் வந்தது. அதே காலத்தில்தான், பெரிய ஊர்களில் வீட்டில் டெலிபோன் இருந்தாலே கணக்குத் தாக்கல் செய்யணும் என்ற விதியும் இருந்தது! 2006-இல் பட்டதாரிகளுக்குப் பயிற்சி கொடுத்து, சிறு கட்டணத்தில் மக்களுக்குக் கணக்கெழுதித் தர அரசே ஒரு திட்டம் போட்டது. நல்ல யோசனை. ஆனால் என் தெருவில் கேட்டுப் பாருங்கள், அப்படி ஒருத்தரைப் பார்த்தவர் கிடைக்கமாட்டார். புரோக்கரைத் தெரியும். இல்லாத வாடகை, கட்டாத இன்சூரன்ஸ் எல்லாம் எழுதி, வருகிற ரீஃபண்டில் பங்கு கேட்பவர். நோட்டீஸ் வரும்போது அவர் போன் ஸ்விட்ச் ஆஃப்.

எங்கள் அடுக்ககத்துக்கு வரும் டிரைவர் அண்ணன் ஒருவர் சொந்தக் காரை ஒரு கம்பெனிக்கு ஓட்டுகிறார். ஒவ்வொரு பில்லிலும் ஒரு சதவீதம் பிடித்தார்கள். "அது கவர்மென்ட் எடுக்குற கமிஷன் தம்பி" என்றார். 26ஏஎஸ் அறிக்கையை இறக்கிக் காட்டினேன். வருஷத்துக்கு நாலாயிரத்துச் சொச்சம், அவர் பெயரில், அவர் பான் எண்ணில். அவருடைய வருமானத்துக்கு வரியே கிடையாது. தாக்கல் செய்தால் முழுசும் திரும்ப வரும். மூன்று வருஷமாகச் செய்யவில்லை.

'சுகம்' என்கிற படிவத்தைத் திறந்தோம். பெயரில் மட்டும்தான் சுகம். சம்பாதித்தது ஒரு வருஷம், படிவத்தில் தேர்ந்தெடுக்க வேண்டியது அடுத்த வருஷம். எங்கள் தொழிலில் இதை 'ஆஃப் பை ஒன்' பிழை என்போம். 1961 சட்டத்தில் இதற்குப் பெயர் மதிப்பீட்டு ஆண்டு. 2025-இல் இயற்றிய புதுச் சட்டம் ஒருவழியாக 'வரி ஆண்டு' என்று ஒன்றாக்கியிருக்கிறது. அண்ணனுக்கு இதை விளக்கவே அரை மணி நேரம் ஆனது. அடுத்த வருஷம் அவரே நிரப்பினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததோடு சரி.

கெடு தாண்டிய இரண்டு வருஷப் பணத்துக்குத் தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனியாக மனுப் போடணும். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து வருஷத்துக்குள் போட்டால்தான் எடுத்துக்கொள்வார்கள். ஞாபகப்படுத்தினால், "முகூர்த்த சீசன் முடியட்டும் தம்பி" என்கிறார்.