கையடக்கத் தொலைபேசியும் தொழில்தருநர் அதிகாரமும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆலையின் பொறியும் அலுவலகத்தின் தட்டச்சுப் பொறியும் வேலை முடிந்ததும் அவ்விடத்திலேயே நின்றுவிடுவன. அவற்றின் மீது தொழில்தருநர் செலுத்திய அதிகாரமும் வாயிலோடு முடிந்துவிடும். கையடக்கத் தொலைபேசியோ ஊழியருடன் வீட்டுக்குச் செல்கின்றது. அவர் உறங்கும்போது தலைமாட்டிற் கிடக்கின்றது. நிறுவனத்தின் கடிதங்களும் குழந்தையின் புகைப்படமும் அதனுள் ஒருங்கே உறைகின்றன. இத்தகைய கருவியை நிறுவனம் தன் ஆளுகையுள் வைத்திருப்பதற்கென எழுந்த தொழினுட்பமே கையடக்கக் கருவி முகாமைத்துவம் ஆகும். எம்.டி.எம். என்னும் சுருக்கப் பெயரால் அது வழங்குகின்றது. தொழில்தருநரின் அதிகாரம் எவ்விடத்தில் முடிதல் வேண்டும் என்ற வினா அதன் வரலாற்றில் எவ்வாறு எழுந்தது, எவ்வாறு விடை கண்டது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வரலாற்றின் முதற் கட்டத்தைக் கனடாவிற் காணலாம். ஒன்ராறியோ மாகாணத்தின் வாட்டர்லூ நகரில் 1984இல் நிறுவப்பட்ட றிசேர்ச் இன் மோஷன் நிறுவனம், 1999இல் பிளாக்பெரி என்னும் மின்னஞ்சற் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நிறுவனங்கள் தமது இடத்திலேயே வைத்து இயக்கத்தக்க சேவையக மென்பொருளும் அதனுடன் இணைந்திருந்தது. கடவுச்சொல்லைக் கட்டாயமாக்கவும், வேண்டாத வசதிகளை முடக்கவும், தொலைந்துபோன கருவியிலுள்ள யாவற்றையும் தொலைவிலிருந்தே அழிக்கவும் காலப்போக்கில் அச்சேவையகத்தால் இயன்றது. மைக்ரோசொப்ட் நிறுவனமும் 2005இல் தனது எக்ஸ்சேஞ்ச் மின்னஞ்சற் சேவையகத்துக்கு இத்தகைய ஆற்றலை வழங்கியது. இக்கட்டத்திற் கருவியைப் பெரும்பாலும் நிறுவனமே வாங்கிக் கொடுத்தது. உடைமையும் அதிகாரமும் ஒருவரிடமே இருந்தமையால் எல்லைப் பிணக்குக்கு இடம் குறைவாயிருந்தது.

இரண்டாவது கட்டம் 2007இல் அப்பிள் நிறுவனத்தின் ஐபோன் விற்பனைக்கு வந்ததுடன் தொடங்குகின்றது. ஊழியர்கள் தம் சொந்தப் பணத்தில் வாங்கிய தொலைபேசிகளிலேயே அலுவலக மின்னஞ்சலையும் பெற விரும்பினர். செலவு குறைவதால் நிறுவனங்களும் அதற்கு இணங்கின. 2008இல் ஐபோன் எக்ஸ்சேஞ்ச் சேவையகத்தோடு இணையும் வசதியைப் பெற்றது. தொலைவிலிருந்து அழிக்கும் ஆற்றலும் உடன் வந்தது. 2010இல் கூகிளின் அன்ட்ரொயிட் 2.2 பதிப்பும் அப்பிளின் ஐஓஎஸ் 4 பதிப்பும் வெளி மென்பொருள்கள் கருவியை முகாமை செய்வதற்கான வழியைத் திறந்தன. எயார்வோச், மொபைல்அயன் போன்ற நிறுவனங்கள் இத்துறையில் வளர்ச்சி பெற்றன.

இம்முறை இயங்கும் விதத்தை ஐபோனைக் கொண்டு விளக்கலாம். நிறுவனம் முதலில் அப்பிளிடமிருந்து ஒரு சான்றிதழைப் பெறுதல் வேண்டும். அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியதாகும். பின்னர் ஊழியரின் தொலைபேசியில் முகாமைக் கோப்பொன்று பதியப்படும். கட்டளை பிறப்பிக்க வேண்டியபோது, அப்பிளின் அறிவித்தற் சேவை வழியாகத் தொலைபேசிக்கு ஓர் அழைப்பு மட்டுமே செல்லும். அவ்வழைப்பைப் பெற்ற தொலைபேசி தானே நிறுவனச் சேவையகத்தை நாடிக் கட்டளையை ஏற்று நிறைவேற்றும். ஊழியர் ஒருமுறை அளித்த சம்மதம் இவ்வாறு அவர் அறியாப் பொழுதிலும் தொடர்ந்து செயற்படுகின்றது.

முதற் கட்டத்தின் விதிகளை இரண்டாங் கட்டத்தின் உடைமைக்குப் பொருத்தியதால் விளைந்ததை அமெரிக்க வழக்கொன்று தெளிவாக்குகின்றது. வீடமைப்பு நிறுவனமொன்றின் ஊழியர் தமது சொந்த ஐபோனை நிறுவனச் சேவையகத்துடன் இணைத்திருந்தார். 2013இல் அவர் வேலையை விட்டு நீங்கியபோது, நிறுவனம் அத்தொலைபேசியிலிருந்த அனைத்தையும் தொலைவிலிருந்து அழித்தது. நிறுவனத் தரவுகளோடு அவரது சொந்தப் படங்களும் தொடர்பு விபரங்களும் மறைந்தன. 2014இல் டெக்சஸ் மாநிலத்துச் சமஷ்டி நீதிமன்றம், அவர் சமஷ்டிச் சட்டங்களின் கீழ் முன்வைத்த கோரிக்கைகளை நிராகரித்தது. கணினி மோசடியைத் தடுக்கவும் சேமிப்பிலுள்ள மின்னணுத் தொடர்பாடலைக் காக்கவும் இயற்றப்பட்ட அச்சட்டங்களுள் இவ்விழப்பு அடங்கவில்லை. உடைமை ஊழியருடையதாகவும் அழிக்கும் அதிகாரம் நிறுவனத்தினதாகவும் பிரிந்து நின்ற நிலையில், அன்றைய சட்டம் அவருக்குத் துணை நிற்கவில்லை.

மூன்றாவது கட்டத்தைப் பிரிவினையின் கட்டம் எனலாம். 2014இல் வெளிவந்த அன்ட்ரொயிட் 5.0 பதிப்பை அடித்தளமாகக் கொண்டு, கூகிள் 2015இல் ஒரே தொலைபேசியில் வேலைக்கெனத் தனிப்பகுதி ஒன்றை அமைக்கும் முறையை அறிமுகப்படுத்தியது. 2019இல் ஐஓஎஸ் 13 பதிப்பு, ஊழியரின் சொந்தக் கருவிக்கென வேறொரு பதிவு முறையைக் கொணர்ந்தது. அம்முறையில் நிறுவனத் தரவு தனிச் சேமிப்புப் பிரிவில் வைக்கப்படும். நிறுவனம் அதனை மட்டுமே அகற்றலாம். முழுத் தொலைபேசியையும் அழிக்கவோ சொந்தச் செயலிகளின் பட்டியலைப் பார்க்கவோ இயலாது. மறுபுறம், நிறுவனமே வாங்கிய கருவிகள் மீதான பிடி இறுகியது. 2014இல் அப்பிள் அறிமுகப்படுத்திய திட்டத்தின்படி, புதிய தொலைபேசியை முதன்முதலில் இயக்கும்போதே அது நிறுவன முகாமையுள் சென்றுவிடும். உடைமைக்கு ஏற்பவே அதிகாரம் என்ற பழைய நியதிக்குத் தொழினுட்பம் இவ்வாறு மீண்டது.

எனினும், பிரிவினை செய்யும் வழி இருப்பதால் மட்டும் ஊழியர் காக்கப்பட்டுவிடார். எவ்வழியில் அமைப்பது என்பதை நிறுவனமே தீர்மானிக்கின்றது. பிளாக்பெரி தோன்றிய அதே ஒன்ராறியோ மாகாணம் 2022இல் இயற்றிய சட்டம் இவ்விடத்துக் குறிப்பிடத்தக்கது. இருபத்தைந்து அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியரைக் கொண்ட தொழில்தருநர், மின்னணுக் கண்காணிப்புப் பற்றிய எழுத்து மூலக் கொள்கையொன்றை வைத்திருத்தல் வேண்டும் என்றும் அதன் பிரதியை ஊழியருக்கு வழங்குதல் வேண்டும் என்றும் அது விதித்தது. கண்காணிப்பை அது தடுக்கவில்லை. வெளிப்படுத்துமாறு மட்டுமே பணித்தது.

நிறுவனத்தின் கவலையையும் நாம் புறக்கணித்தலாகாது. பேருந்திலே தவறவிடப்பட்ட ஒரு தொலைபேசியால் வாடிக்கையாளர் பலரின் இரகசியம் வெளிப்படலாம். அதனைக் காத்தல் நிறுவனத்தின் கடமை. ஆயின், வேலைப் பகுதியை மட்டும் அழித்து அக்கடமையை நிறைவேற்றும் வழி இரு பெரும் இயங்குதளங்களிலும் 2019ஆம் ஆண்டளவிற் கிடைத்துவிட்டது. ஆகவே, ஊழியரின் சொந்தத் தொலைபேசி முழுவதையும் அழிக்கும் உரிமையை இன்றும் கேட்கும் நிறுவனம், தேவை கருதிக் கேட்பதாகக் கொள்ளல் கடினம். கடவுச்சொல் எத்தனை எழுத்துகளைக் கொண்டிருத்தல் வேண்டும் என்பதைத் தீர்மானிக்கு முன்னர், கருவி யாருடையது, நிறுவனம் எதனைக் காணலாம், எதனை அழிக்கலாம் என்பன எழுதப்பட்டு ஊழியர் கையிற் சேர்தல் வேண்டும். அவற்றைப் படித்தறிந்த பின் அளிக்கப்படுவதே சம்மதம் எனும் பெயருக்கு உரியதாகும்.