தரவு: ஓடியவர் தந்தது எது?

தாம்பரத்திலிருந்து வண்டலூர் போய், கேளம்பாக்கம் சாலையில் திரும்பினால் மேலக்கோட்டையூர். தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. அங்கே விளையாட்டு ஆய்வு செய்பவர்கள் பேச்சில் ‘டேட்டா எடுக்கணும்’ என்பார்கள். தமிழில் எழுதும்போது அது ‘தரவு’ ஆகிவிடும். பேச்சில் எடுப்பது, எழுத்தில் தருவது. எனக்கு எழுத்துத்தான் சரியென்று படுகிறது.

வா என்பதிலிருந்து வரவு பிறந்ததுபோல, தா என்பதிலிருந்து பிறந்தது தரவு. தொல்காப்பியச் செய்யுளியல் இதைக் கலிப்பாவின் உறுப்பாகச் சொல்கிறது. தரவு பொருளை முன்வைக்கும், தாழிசை வளர்க்கும், சுரிதகம் முடித்துவைக்கும். டேட்டாவின் லத்தீன் மூலத்துக்கும் ‘தரப்பட்டவை’ என்றே பொருள். யாப்பில் கிடந்த சொல்லை அறிவியலுக்கு அழைத்துவந்தவர்கள் நல்ல காரியம் செய்தார்கள்.

தரப்படுவதெல்லாம் ஒரே வகையல்ல. ஓர் ஆய்வில் 12 வாரப் பயிற்சி தருகிறோம் என்றால், அது சாரா மாறி. அதனால் 50 மீட்டர் ஓட்ட நேரம் குறைகிறதா என்று பார்த்தால், அந்த நேரம் சார்ந்த மாறி. எண்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. 1946-இல் உளவியலாளர் எஸ்.எஸ்.ஸ்டீவன்ஸ் அளவைகளை நான்காகப் பிரித்தார். பனியன் எண் வெறும் பெயர். அதற்குச் சராசரி எடுத்தால் பொருளில்லை. முதலிடம், இரண்டாமிடம் என்பது வரிசை. இடையில் எத்தனை நொடி என்று அது சொல்லாது. வெப்பநிலை இடைவெளி அளவை. 40 டிகிரி செல்சியஸ் வெயில் 20 டிகிரியைப்போல் இருமடங்கு சூடல்ல. ஓடிய நேரமும் தூரமும் விகித அளவை. அவற்றில் இருமடங்கு என்றால் இருமடங்குதான்.

சிக்கல் இதற்குப் பிறகுதான். அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1968-இல் 12 நிமிட ஓட்டச் சோதனையை வெளியிட்டார். ஓடிய மீட்டரிலிருந்து 504.9-ஐக் கழித்து 44.73-ஆல் வகுத்தால், உடல் உச்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன் அளவு கிடைக்கும்: ஒரு கிலோ எடைக்கு, நிமிடத்துக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று. 2,400 மீட்டர் ஓடியவருக்குச் சுமார் 42. இந்த 42-ஐ அவர் தரவில்லை. அவர் மூச்சை யாரும் அளக்கவில்லை. அவர் தந்தது 2,400 மீட்டர். மற்றது சமன்பாட்டின் மதிப்பீடு. ஆனால் அட்டவணைக்குள் போனதும் இரண்டுக்கும் ஒரே தலைப்பு, ‘தரவு’.

ஆய்வேடு எழுதும் தம்பி தங்கைகளே, ஓடியவர் தந்ததை ஒரு நிரலிலும் நீங்கள் கணக்கிட்டதை வேறொரு நிரலிலும் போடுங்கள். முதல் நிரலுக்கு மட்டும் தரவு என்று பெயரிடுங்கள்.