மினுக்காத வர்ணம்

பழைய பொருளுக்குப் பெருமை பளபளப்பினால் வருகிறது என்று எண்ணுவோர் பலர். பழைய மோட்டார் வண்டியொன்றைத் தேடிப் பிடித்துப் புதுப்பிக்கும் அன்பர்களும் முகம் பார்க்கும் கண்ணாடி போல அதனை மின்னச் செய்யவே பெரும்பாலும் முனைகின்றனர். ஆயினும், மின்னவே கூடாத வண்டிகளும் உலகில் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஜீப் வண்டி அவற்றுள் ஒன்று. அதன் மேனி மங்கியிருந்தது வறுமையினால் அன்று. அதில் ஏறிச் சென்றவர்களின் உயிரைக் காப்பதற்காகவே அவ்வாறு பூசப்பட்டது. ஆகவே, வண்டியின் மீதுள்ள பூச்சும் ஒரு வரலாற்று ஆவணமே. அதனைப் படிக்கும் முறையையும், கெடாமல் மீண்டும் எழுதும் முறையையும் மாணவர்கள் அறிந்துகொள்ளுதல் நலம்.

முதலில் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். மோட்டார் வண்டி பிறந்தபோது, அதற்கு வர்ணம் பூசியவர்கள் குதிரை வண்டிகளுக்குப் பூசிவந்த கைவினைஞர்களே. எண்ணெயில் குழைத்த வர்ணத்தைத் தூரிகையால் பூசுவர், காய்ந்தபின் நுரைக்கல் பொடியால் தேய்ப்பர், மறுபடியும் பூசுவர், இறுதியில் வார்னிஷ் இடுவர். எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவை மெல்ல மெல்ல ஏற்று இறுகவேண்டும். எனவே, ஒரு வண்டி பூசி முடிய வாரக்கணக்கில் ஆயிற்று.

1913ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோர்டு தமது ஹைலண்டு பார்க் தொழிற்சாலையில் நகரும் உற்பத்தி வரிசையை அமைத்தார். ஏறத்தாழ 12½ மணி நேரம் பிடித்த அடிச்சட்டம் பூட்டும் வேலை, அடுத்த ஆண்டிலேயே 93 நிமிடங்களில் முடியலாயிற்று. வண்டி விரைந்து உருவாகும்போது வர்ணம் மட்டும் மெதுவாகக் காய்ந்துகொண்டிருந்தால் என்ன பயன்? அவர் கையாண்ட கருமையான 'ஜப்பான்' பூச்சு மலிவானது, உறுதியானது, பல பாகங்களை அதில் தோய்த்து அடுப்பிலிட்டுச் சுட முடிந்தது. கீழ்த்திசை நாடுகளின் அரக்குப் பூச்சைப் பின்பற்றி ஐரோப்பியர் செய்த பூச்சுகளின் வழியில் வந்தமையால் அதற்கு அப்பெயர்.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 'ஃபோர்டின் மாடல் டி வண்டி என்றும் கறுப்பு' என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது முழு உண்மை அன்று. 1908இல் அவ்வண்டி வெளிவந்தபோது சிவப்பு, பச்சை, சாம்பல் முதலிய நிறங்களில் விற்கப்பட்டது. 1914 முதல் 1925 வரையே கறுப்பு ஒன்றே நிறமாயிருந்தது. 1926இல் பிற நிறங்கள் திரும்பின. செவிவழிச் செய்தியை விடப் பொருளையே சாட்சியாகக் கொள்ளுதல் வரலாற்று மாணவனின் முதற்கடமை.

கறுப்பின் ஆட்சியை முடித்து வைத்தது ஒரு வெடிமருந்து. 1846இல் ஷேன்பைன் என்னும் வேதியியலறிஞர் பஞ்சினை நைட்ரிக் அமிலத்திலும் கந்தக அமிலத்திலும் தோய்த்து வெடிபஞ்சினைக் கண்டார். அதே வகைப் பொருளைக் கரைத்தால் விரைவில் காயும் லாக்கர் கிடைக்கும். ஆனால் கரைசல் மிகவும் குழகுழப்பாயிருந்ததால், நீர்க்கச் செய்து மெல்லிய படலமாகவே பூச முடிந்தது. முதல் உலகப் போருக்குப் பின், வெடிமருந்து செய்துவந்த டூபாண்ட் நிறுவனத்தார் அக்குழகுழப்பைக் குறைக்கும் வழியைக் கண்டனர். 'டியூகோ' என்ற பெயருடன் அந்த லாக்கர் 1923இல் தோன்றியது. 1924ஆம் ஆண்டு மாதிரியான ஓக்லண்டு வண்டிகள் நீல நிறத்தில் அதைப் பூசிக்கொண்டு வீதிக்கு வந்தன. வாரக்கணக்கான வேலை மணிக்கணக்கில் முடிந்தது. பல நிறங்கள் எளிய விலை வண்டிகளுக்கும் எட்டின.

தூரிகையின் இடத்தைக் காற்றுவிசைப் பீச்சி பிடித்துக்கொண்டது. அதன் மூலத்தைத் தேடினால் ஒரு மருத்துவரின் அறைக்குச் செல்லவேண்டும். அமெரிக்காவின் டொலீடோ நகரில் ஆலன் டிவில்பிஸ் என்பவர், நோயாளிகளின் தொண்டையில் மருந்தைத் தூவ 1888இல் ஒரு கருவி செய்தார். அவருடைய மகன் தாமஸ் அதே தத்துவத்தை வர்ணம் தூவப் பயன்படுத்தினார். அதே டொலீடோ நகரந்தான் பின்னர் வில்லிஸ் ஜீப் பிறந்த ஊராகவும் அமைந்தது.

1940இல் அமெரிக்கப் படையினர் இலேசான போர் ஊர்தி ஒன்று வேண்டுமென 135 நிறுவனங்களுக்கு எழுதினர். பாண்டம் நிறுவனம் குறித்த 49 நாட்களுக்குள் மாதிரி வண்டியை ஒப்படைத்தது. பின்னர் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைச் செய்தன. அவற்றுக்குப் பூசிய மண்பச்சை நிறத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: ஒளி சிறிதும் தெறிக்கக் கூடாது. வெயிலில் மின்னும் தகடு பல கல் தொலைவிலிருந்தும் விமானியின் கண்ணுக்குத் தெரியும். அங்கே பளபளப்பு என்பது பகைவனுக்கு நாமே அனுப்பும் செய்தி!

மினுக்கு எவ்வாறு தோன்றுகிறது? வழவழப்பான பரப்பில் விழும் ஒளி ஒரே திசையில் திரும்புகிறது. சொரசொரப்பான பரப்பில் விழும் ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறுகிறது. வகுப்பறைக் கரும்பலகை வழவழப்பேறினால் ஓரத்தில் அமர்ந்த பிள்ளைகளுக்கு எழுத்துத் தெரியாது. அதனால்தான் நம் கிராமப் பள்ளிகளில் கரியையும் கோவை இலையையும் அரைத்துப் பலகையில் தேய்த்தனர். ஜீப்பின் பூச்சும் அதே தத்துவந்தான். வர்ணப்பொடியின் அளவைக் கூட்டியோ, நுண்ணிய சிலிக்கா போன்ற தூளைச் சேர்த்தோ, கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்களைப் பரப்பில் உண்டாக்குகின்றனர். இதனையே கடைகளில் 'மேட்' என்கின்றனர்.

இத்தத்துவத்தை உணர்ந்தவர் வீட்டிலேயே இவ்வேலையைச் செய்ய இயலும். உணராதவர் எத்தனை விலை கொடுத்தாலும் தவறுவர். பளபளப்புப் பூச்சில் தூசி விழுந்தால், காய்ந்தபின் தேய்த்து மெருகேற்றிவிடலாம். மேட் பூச்சிலோ, தேய்த்தால் மேடுகள் மழுங்கி அவ்விடம் மட்டும் மின்னும். ஆகவே, கடைசிப் பூச்சுக்கு முன்பே எல்லாத் திருத்தங்களும் முடிந்திருக்க வேண்டும். துருவை முற்றிலும் அகற்றி, பள்ளங்களைப் பட்டி வைத்து நிரப்பி, பிரைமர் அடித்து, 400ஆம் எண் உப்புத்தாளால் நீர் விட்டுத் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்துவிட வேண்டும்.

மங்கலாக்கும் தூள் டப்பாவின் அடியில் தங்கும். அதனை நன்கு கிளறாமல் மேலிருப்பதை மட்டும் ஊற்றினால், முதற்பாதி மினுக்கும், மறுபாதி மங்கும். தூவும்போது பீச்சியைப் பரப்புக்குச் செங்குத்தாகப் பிடித்து, ஒரே தொலைவில், ஒரே வேகத்தில் நகர்த்த வேண்டும். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் பாதியை மூடவேண்டும். ஒரு கதவைத் தொடங்கினால் அதன் விளிம்பு வரை நிறுத்தாமல் முடிக்கவேண்டும். கனமாகவும் மெலிவாகவும் விழுந்தால் திட்டுத் திட்டாகத் தெரியும். ஈரக்காற்று வீசும் நாளில் லாக்கர் வெளுத்துப் பூத்துவிடும்; உலர்ந்த நாளாகப் பார்த்துத் தொடங்குக. பின்னாளில் கீறல் விழுந்தால் அத்தகடு முழுவதையும் மீண்டும் பூசுவதே வழி. கழுவுவதற்கு நீரும் மென்மையான சோப்பும் போதும், மெழுகு வேண்டா.

அழகை விட முக்கியமானது உயிர். பழைய வண்டிகளின் பூச்சில் ஈயம் கலந்திருப்பது உண்டு. அதை உலர்ந்த நிலையில் தேய்த்தால் எழும் தூசி நஞ்சு. சிறுவர்களை அருகே விடலாகாது. கடினப்படுத்தி கலந்து அடிக்கும் சில இருகூட்டு வர்ணங்களில் ஐசோசயனேட் என்னும் பொருள் உண்டு. அதன் புகை தீராத ஈளை நோயைத் தரவல்லது. தூசித் துணி முகமூடி அதைத் தடுக்காது. அவ்வகை வர்ணத்தைத் தக்க காற்றுக் கருவியும் அறையும் உள்ள பட்டறைக்கு விட்டுவிடுவதே அறிவுடைமை. லாக்கரோ எளிதில் தீப்பற்றும். அதன் பிறப்பை நினைத்தாலே இது விளங்கும்.

இன்னும் ஒன்று. உப்புத்தாளை எடுக்குமுன் சற்றுப் பொறுத்திருங்கள். பெயர்த்தகட்டின் பின்புறம், இருக்கையின் அடி போன்ற மறைவிடங்களில் முதற்பூச்சு எஞ்சியிருக்கக்கூடும். ஒரு சிறிய இடத்தை மட்டும் மெல்லத் தேய்த்தால், மரத்தின் வளையங்கள் போல ஒவ்வோர் அடுக்கும் வெளிப்படும்: மேலே விவசாயி பூசிய சிவப்பு, அதன் கீழே வேறொருவர் பூசிய நீலம், அடியில் போர்க்காலத்து மண்பச்சை. அவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு, படமும் எடுத்துக்கொண்ட பின்பே மேலே செல்லவேண்டும். ஒருமுறை சுரண்டி எறிந்த சாட்சியை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

குதிரை வண்டியின் வார்னிஷ் பொறுமையைச் சொல்லும்; ஃபோர்டின் கறுப்பு விரைவைச் சொல்லும்; டியூகோவின் நீலம் வெடிமருந்து வேறு பணிக்குத் திரும்பியதைச் சொல்லும்; ஜீப்பின் மங்கல் ஓர் அச்சத்தைச் சொல்லும். போர் ஜீப்பைக் கண்ணாடிபோல் மின்னச் செய்பவர் அதை அழகு செய்வதாக எண்ணுகிறார். உண்மையில் அதன் வாயை அடைத்துவிடுகிறார். பழம்பொருளை நமக்குப் பிடித்த வண்ணம் பேசச் செய்வது எளிது. அது தன் காலத்தைத் தானே பேசும்படி விடுவதற்குத்தான் கல்வியும் பொறுமையும் வேண்டும்.